கெணத்துப் பாறையில சங்கெல்லாம் மறைஞ்சு அச்சு மட்டும் நிக்கு, ஆயிஸ்டர் ஓடு மட்டும் அப்படியே இருக்கு, ஏன்?

அஞ்சுகிராமத்தான்

வணக்கம் மக்களே. நான் அஞ்சுகிராமம். படிச்சது மெக்கானிக்கல், பாறை பத்தி பள்ளிக்கூடத்துல படிச்சதோட சரி. ஆனா ஒரு மாசமா ஒரு கல்லு மனசுல கெடந்து சுத்திட்டே இருக்கு, அதான் இங்க கேக்கேன்.

எனக்க அத்தை வீடு கூடங்குளம் பக்கம், நம்ம ஜில்லா எல்லையத் தாண்டுனா கொஞ்ச தூரந்தான். அங்க மாமா பழைய கெணத்த ஆழப்படுத்துனாரு. மேல செம்மண்ணு, அதுக்குக் கீழ வெள்ளையும் மஞ்சளும் கலந்த ஒரு பாறை, கம்ப்ரசர் வச்சுத்தான் ஒடைக்க முடிஞ்சுது. வெளிய கொட்டுன கல்லுல பாத்தா பூரா கடல் சாமான், சிப்பி, சங்கு, மட்டி. நான் ஒரு சாக்கு நெறைய பொறுக்கிட்டு வந்தேன், அத்தை திட்டுனாங்க.

இப்ப கேள்வி என்னன்னா, இதுல சங்கு ஒண்ணு கூட நெஜமான சங்கா இல்ல. சங்கு இருந்த எடத்துல அதே வடிவத்துல பொந்துதான் இருக்கு, உள்ள சுருள் சுருளா அச்சு மட்டும் விழுந்திருக்கு, சிலதுல பொந்துக்குள்ள கண்ணாடி மாதிரி சின்னச் சின்ன படிகம் மின்னுது. மட்டியும் அப்படித்தான். ஆனா அதே கல்லுல, ரெண்டு வெரக்கட தள்ளி, பாறையில ஒட்டி வளருமே ஆயிஸ்டர், அதுக்க ஓடு அடுக்கடுக்கா நேத்து செத்த மாதிரி கெடக்கு. ஒரே கல்லு, ஒரே கெணறு, ஒரே காலம். ஒண்ணு மட்டும் ஏன் காணாமப் போகணும்?

இன்னொண்ணு, மணலும் சிப்பியும் மண்ணுக்கடியில பொதஞ்சு மேல பாரம் ஏறி ஏறி அமுங்கித்தான் பாறை ஆவும்னு நெனச்சிருந்தேன். அப்படி அமுங்கியிருந்தா இந்த மெல்லிசு மட்டியெல்லாம் நொறுங்கியிருக்கணுமே, ஒண்ணுகூட நொறுங்கல. அப்ப இது எப்படி இவ்வளவு கெட்டியாச்சு?

மருத்துவாமலை நிழல்

தம்பி, நீ ரெண்டு கேள்வின்னு நெனச்சுக் கேட்டது உண்மையில ஒரே கேள்வி. காணாமப் போன சங்குதான் அந்தப் பாறைய ஒட்டி வச்சிருக்கு.

கொஞ்சம் பைய வெளக்குறேன். சங்கு, சோழி, மட்டி, பவளம், ஆயிஸ்டர் எல்லாமே கால்சியம் கார்பனேட்தான், கெமிஸ்ட்ரி ஃபார்முலா ஒண்ணே. ஆனா அணுக்கள் அடுக்கியிருக்கிற விதம் ரெண்டு உண்டு. ஒண்ணு அரகோனைட், இன்னொண்ணு கால்சைட். சங்கு, சோழி, பெரும்பாலான மட்டி, இப்ப உள்ள பவளம் எல்லாம் தன் ஓட்டை அரகோனைட்ல கட்டும். ஆயிஸ்டர் ஏறக்குறைய முழுக்க கால்சைட். இதுபோக கடல் முள்ளெலி, சிவப்புப் பாசி வகை சிலது மக்னீசியம் நெறைய கலந்த ஒரு கால்சைட்ல கட்டும், அது மூணாவது ரகம். உயிரோட இருக்கும்போது இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது, கையில எடுத்துப் பாத்தாலும் தெரியாது. பொதஞ்ச பொறவுதான் தெரியும்.

ஏன்னா அரகோனைட் நெலத்துக்கு மேல உள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் நெலச்சு நிக்காத ஜாதி. கடல் தண்ணிக்குள்ள கெடக்கிற வரை பெரிய பிரச்சினை இல்ல, கடல் தண்ணியில மக்னீசியம் கால்சியத்தை விட அணுக் கணக்குல அஞ்சு மடங்கு இருக்கு, அது கால்சைட் வளர விடாம மறிக்கும், அதனால கடலுக்குள்ள படியிற சிமென்ட்கூட ஊசி ஊசியா அரகோனைட்டாத்தான் இருக்கும், இல்லன்னா அந்த மக்னீசிய கால்சைட். ஆனா கடல் பின்வாங்கி அந்த மணல் மேடு கரையாயிட்டா கதையே வேற. மேல மழை பெய்யும். மழைத்தண்ணி செம்மண்ணுக்குள்ள எறங்கும்போது வேரும் நுண்ணுயிரும் விடுற கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கும், மண்ணுக்குள்ள உள்ள காத்துல அது வெளிக்காத்தை விட பல மடங்கு கூட. அந்தத் தண்ணி லேசான கார்பானிக் ஆசிட், சோடா மாதிரி. அது சிப்பியத் தொட்டதும் கரைக்க ஆரம்பிக்கும்.

இப்பத்தான் முக்கியமான எடம், கவனமா படி. அரகோனைட் கால்சைட்டை விட கொஞ்சம் கூடுதலா கரையும். பெரிய வித்தியாசம் இல்ல, கொஞ்சந்தான். ஆனா அந்தக் கொஞ்சம் போதும். ஒரு தண்ணி கால்சைட்டைப் பொறுத்த வரைக்கும் நெறைஞ்சுபோய் இனி கரைக்க மாட்டேன்னு நிக்கும்போது, அதே தண்ணிக்கு அரகோனைட்டைக் கரைக்க இன்னும் எடம் இருக்கும். அதனால அது சங்கைக் கரைச்சுக்கிட்டே, அதே நேரத்துல, அடுத்த மணல் இடுக்குல கால்சைட்டா படிய வைக்கும். ஒரு கையால எடுத்து மறு கையால குடுக்கிற வேலை. ஆயிஸ்டரை அது தொடாது, தொடத் தேவையும் இல்ல.

கணக்கும் அழகா வரும். அரகோனைட் அடர்த்தி 2.93, கால்சைட் 2.71. அப்ப 100 பங்கு எடத்துல இருந்த சங்கு கரைஞ்சு கால்சைட்டா படிஞ்சா 108 பங்கு எடத்தை அடைக்கும். நீ பாக்கிற பொந்து அத்தனையும் அந்தக் கல்லுல வேற எங்கயோ பசையா உக்காந்திருக்கு, இல்லன்னா தண்ணியோட போயிருக்கு. பாரம் ஏறி அமுங்கித்தான் பாறை ஆவணும்னு இல்ல. மட்டி நொறுங்காம இருக்குல்ல, அதுதான் சாட்சி, பாரம் வர்றதுக்கு முன்னாடியே பசை புடிச்சிருச்சு.

செரி, ஓடு முழுக்கக் கரைஞ்சும் அச்சு எப்படி நிக்குதுன்னு கேப்ப. கடல் அடியில கெடக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத பாசிங்க ஓட்டுக்க வெளிப்பக்கத்துல துளை துளையா போடும், அந்தத் துளையில நுண்ணிய கால்சியம் சேறு அடைஞ்சு, ஓட்டைச் சுத்தி ஒரு தோல் மாதிரி ஆயிரும். பொறவு உள்ள இருக்கிறது கரைஞ்சாலும் தோல் நிக்கும். சுத்தி உள்ள மணலும் அதுக்குள்ள ஒட்டிப் புடிச்சிருந்தா அச்சு கலையாது.

இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்சது இல்ல கேட்டியா. 1879லயே ஹென்றி கிளிஃப்டன் சார்பி, கல்லைக் காயிதம் மாதிரி மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்த மனுஷன், லண்டன் ஜியாலஜிகல் சொசைட்டி தலைவரா பேசுனப்ப எந்த ஓடு அரகோனைட், எது கால்சைட், எது பாறையில தங்கும் எது தங்காதுன்னு வெளக்கமாச் சொல்லிட்டாரு. எனக்கு காலேஜ்ல மொத தடவை அந்த சிலைசைப் பாத்தப்ப கண்ணு கலங்கிருச்சு, பொய்யில்ல. ஒரு சங்கு இருந்த எடம், அது கரைஞ்ச வழி, அது போய்ச் சேர்ந்த எடம் மூணும் ஒரே கண்ணாடித் துண்டுல தெரியும்.

சூளைக்காரர் பேரன்

அண்ணே நல்லா சொன்னீங்க. எங்க தாத்தா மணக்குடி காயல் பக்கம் சிப்பி நீத்துன ஆளு. நான் சின்னப்புள்ளையா இருக்கும்போது சூளை அணைஞ்சிருச்சு, ஆனா அவரு சொன்னது ஞாபகம் இருக்கு, "கல்லுச் சுண்ணாம்பும் சிப்பிச் சுண்ணாம்பும் ஒண்ணுதான், ஒண்ணு வயசானது ஒண்ணு எளசு"ன்னு. அவரு ஆயிஸ்டரா மட்டியான்னு பாத்ததே இல்ல, சூளையில ரெண்டும் ஒண்ணாத்தான் வேவும்.

அதுவும் இந்தக் கதையோட சேரும்னு நெனைக்கேன். அரகோனைட் ஓட்டை சூடாக்குனா 400 டிகிரி தாண்டுறப்பவே கெட்டி நெலையிலேயே கால்சைட்டா மாறிரும், பொறவு 900 டிகிரி பக்கத்துல கார்பன் டை ஆக்சைடு வெளிய போயி சுட்ட சுண்ணாம்பு ஆவும். தண்ணி ஊத்துனா கொதிச்சு நீறும். அதைச் சொவத்துல பூசுனா காத்துல இருந்து அதே கார்பன் டை ஆக்சைடை திரும்ப வாங்கி மறுபடி கால்சைட். பழைய வீட்டுச் சொவரு அவ்வளவு கெட்டியா நிக்கதுக்கு அதான் காரணம். கெணத்துக்குள்ள மழை ஆயிரக்கணக்கான வருஷம் எடுத்துச் செஞ்ச வேலைய எங்க தாத்தா தீ போட்டு ஒரு ராத்திரியில செஞ்சாரு, அப்படித்தான் எனக்குத் தோணுது.

அஞ்சுகிராமத்தான்

நிழல் அண்ணே, ரொம்ப ரொம்ப நன்றி. மூணு தடவை படிச்சேன். நேத்து ஒரு சோதனை செஞ்சேன். கண்ணாடி, கையுறை போட்டு, மொட்டைமாடியில வச்சு, பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணிக்குள்ள கொஞ்சமா விட்டு, அதுல கல்லுத் துண்டைப் போட்டேன். பொங்கிட்டு வந்துச்சு. ராத்திரி பூரா விட்டுக் காலையில பாத்தா கல்லே இல்ல, அடியில மணல் மட்டும் கெடக்கு. அலசிக் காயவச்சுப் பாத்தா வெள்ளை மணல், கூட சிவப்பா கண்ணாடி மணி மாதிரி கொஞ்சம், கறுப்பு மணல் கொஞ்சம். கறுப்புல காந்தத்தை வச்சேன், கொஞ்சம் ஒட்டுச்சு, கொஞ்சம் ஒட்டல.

இது என்ன அண்ணே? நம்ம பீச் மணல் மாதிரியே இருக்கு.

மருத்துவாமலை நிழல்

மாதிரி இல்ல தம்பி, பீச் மணலேதான்! சிவப்பு மணி கார்னெட். கறுப்புல ஒட்டுனது மேக்னடைட்டா இருக்கும், ஒட்டாதது பெரும்பாலும் இல்மனைட். மணவாளக்குறிச்சியில அள்ளுறாங்களே அதே சரக்கு. நம்ம மலைப் பாறை உடைஞ்சு ஆத்துல வந்து கடல்ல அலசி ஒதுங்குனது. உனக்க கல்லு ஒரு காலத்துல அலை அடிச்ச கரை. அந்தக் கரையை சங்கு கரைஞ்ச பசை புடிச்சு வச்சிருக்கு. நீ ஆசிட் ஊத்தி பசையை மட்டும் எடுத்துட்ட, அதான் கரை திரும்பக் கையில வந்துருச்சு. எனக்கு இதைப் படிச்சதும் அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு சின்ன விஷயம். அத்தை வீட்டுல வெந்நீர் வைக்கிற பாத்திரத்துல வெள்ளையா படியுமே, அதுவும் இதுவும் ஒரே வேலைதான். கெணத்துத் தண்ணியில கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு, சூடாக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிய போனதும் தாங்காம படிஞ்சிரும். மத்த உப்பு பெரும்பாலும் சூட்டுல கூடுதலா கரையும், கால்சைட் சூட்டுல கொறைவாத்தான் கரையும். ஆழத்துல பொதையிற சுண்ணாம்புக்கல்லுக்கும் இந்தக் குணம் ரொம்ப முக்கியம்.

தக்கலை லேப்

நான் சொந்த ஊரு தக்கலை, இப்ப அரியலூர் பக்கம் சிமென்ட் பிளான்ட்ல குவாலிட்டி லேப். தெனமும் சுண்ணாம்புக்கல்லுதான் என் சாப்பாடு. தம்பிக்க கல்லு ஆழமா பொதையாத கல்லு, மேலோட்டமா மழையில பக்குவமானது. ஆழத்துக்குப் போனா என்ன ஆவும்னு நான் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா அங்க தம்பி மொதல்ல நெனச்ச அமுக்கம் நெஜமாவே வேலை செய்யும்.

கடல் அடியில அப்பத்தான் படிஞ்ச சுண்ணாம்புச் சேத்துல பாதிக்கு மேல தண்ணிதான், எழுவது சதவீதம் வரைக்கும்கூட இருக்கும். சிப்பி மணல்னா நாப்பது அம்பது சதவீதம் இடைவெளி. ஆனா பழங்காலச் சுண்ணாம்புக்கல்லை எடுத்து அளந்தா பெரும்பாலும் அஞ்சு சதவீதத்துக்குக் கீழ. அந்த எடமெல்லாம் எங்க போச்சு? மொதல்ல மணிகள் நெருங்கி உக்காரும், தண்ணி பிதுங்கி வெளிய போவும், ஏற்கனவே பசை புடிக்காத ஓடு நொறுங்கும். அதுக்கும் கீழ, சில நூறு மீட்டர் தாண்டுனா, ரெண்டு மணி தொட்டுக்கிட்டிருக்கிற எடத்துல அழுத்தம் ஏறி அந்தத் தொடுற எடம் மட்டும் கரைய ஆரம்பிக்கும். கரைஞ்சது பக்கத்துல உள்ள இடைவெளியில போய் கால்சைட்டா படியும். அப்படி வரிசையா கரைஞ்சு போன எடத்துல ரம்பப் பல்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு நிக்கும், ஸ்டைலோலைட்னு சொல்வாங்க. கரையாத களிமண்ணு, கரி எல்லாம் அந்தக் கோட்டுல தேங்கி கறுப்பா பழுப்பா தெரியும். நாகர்கோவில்ல டைல்ஸ் கடையில மார்பிள்னு விக்கிற இளம்பழுப்புக் கல்லு சிலதுல பாருங்க, இந்தக் கோடு தெரியும், அது மார்பிளே இல்ல, சுண்ணாம்புக்கல்லு. அந்த ஒரு கோட்டுல எத்தனை கல்லு கரைஞ்சு போயிருக்குன்னு நெனச்சா மலைப்பா இருக்கும்.

இடைவெளி அடையாமலேயும் ஆழத்துல நிக்கும், அதுக்கு ஒரு உதாரணம் வட கடல்ல நார்வேக்குச் சொந்தமான பகுதியில உள்ள எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல். 1969ல கண்டுபிடிச்சது. கடல் அடிக்குக் கீழ ஏறக்குறைய மூணு கிலோமீட்டர் ஆழத்துல சாக்கு, நம்ம போர்டுல எழுதுற சாக்பீஸ் பேரு அதுல இருந்து வந்ததுதான், அந்த மாதிரி மெத்துன்னு உள்ள சுண்ணாம்புக்கல்லு. அவ்வளவு ஆழத்துல அது இறுகிப் போயிருக்கணும், ஆனா உள்ள இருந்த எண்ணெயும் தண்ணியும் அழுத்தத்தோட தாங்கிப் புடிச்சிருந்ததால முப்பது சதவீதத்துக்கு மேல இடைவெளி அப்படியே இருந்துச்சு. எண்ணெய் எடுக்க எடுக்க தாங்குறதுக்கு ஆளில்லாம கல்லு அமுங்க ஆரம்பிச்சிருச்சு, கடல் அடியே எறங்கிருச்சு, 1987ல மேல இருந்த பிளாட்ஃபாரத்தை ஆறு மீட்டர் ஜாக்கி போட்டுத் தூக்குனாங்க. கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி நிறுத்துன வேலைய அந்தக் கல்லு நம்ம கண்ணு முன்னாடி தொடர்ந்துச்சு.

அடுத்தது மக்னீசியம். தண்ணியில உள்ள மக்னீசியம் கல்லுக்குள்ள ஏறி கால்சியத்துல பாதியை வெளிய தள்ளி எடம் புடிச்சா அது டோலோமைட். சங்கோட அடையாளம் பல எடத்துல அதுலயே அழிஞ்சிரும், கல்லு சர்க்கரை மாதிரி பொடிப் படிகமா ஆயிரும். டோலோமைட் படிகம் கால்சைட்டை விட கொறைஞ்ச எடத்துல அடங்குறதால அணுவுக்கு அணு மாறும்போது பத்து சதவீதத்துக்கு மேல சுருங்கி புதுசா இடைவெளி திறக்கும். எங்க லேப்புக்கு டோலோமைட்தான் தலைவலி, ஏன்னா சிமென்ட்ல மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு, ஆறு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டுனா கட்டி முடிச்ச பொறவு மெல்ல நீறி ஊதி வெடிப்பு விடும். ஆசிட் சோதனையிலயும் தெரியும் தம்பி, கால்சைட் உடனே பொங்கும், டோலோமைட் கல்லு பேசாம இருக்கும், பொடிச்சுப் போட்டாத்தான் பைய நுரைக்கும்.

கடைசி ஸ்டேஜ் திருநெல்வேலி பக்கத்துல உள்ள நம்ம தலையூத்து. அங்க வெட்டுறது படிகச் சுண்ணாம்புக்கல்லு, அதாவது நெஜ மார்பிள் ஜாதி. நம்ம முட்டம், கன்னியாகுமரி பாறையெல்லாம் சார்னோக்கைட், ஆழத்துல சூட்டுல உருவான பாறை ஜாதி, சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்ன இந்தப் பக்கத்து நெலம் பூரா அடியில அமுங்கி வெந்தப்ப, அந்தச் சுண்ணாம்புக்கல்லும் கூட வெந்துச்சு. அதுல சங்கையோ சிப்பியையோ தேட முடியாது, கால்சைட் படிகம் பெருசு பெருசா வளர்ந்து எல்லாத்தையும் துடைச்சிருச்சு. அத்தை வீட்டுக் கெணறும் தலையூத்துக் குவாரியும் ஒரே ஜில்லாதான், ஆனா ஒண்ணு இந்தப் பயணத்துக்க தொடக்கம், இன்னொண்ணு அதுக்க கடைசி.

காயல்கரை

கெணறுன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது திசையன்விளை பக்கம் ஆயன்குளம் கெணறு. 2021 கடைசியில மழைவெள்ளத்தை அதுக்குள்ள திருப்பி விட்டாங்க, நாள்கணக்குல ஓடியும் கெணறு நெறையல, வீடியோ எல்லாம் வந்துச்சே. ஐஐடி மெட்ராஸ் ஆளுங்க வந்து பாத்து அடியில சுண்ணாம்புப் பாறையில கரைஞ்ச வழி இருக்குன்னு சொன்னாங்க. நிழல் அண்ணே, இதுவும் சங்கு கரைஞ்ச மாதிரியேதானா?

மருத்துவாமலை நிழல்

ஆமாங்க, அளவுதான் வேற. சங்கு கரையும்போது தண்ணி கொஞ்சமா பைய ஊறுது, எடுத்ததை அங்கேயே வச்சிருது. வெடிப்பு வழியா நெறைய தண்ணி பாயுற எடத்துல எடுத்ததை வைக்க நேரமில்ல, கொண்டு போயிருது, வழி பெருசாகும், பெருசானா இன்னும் தண்ணி வரும். அங்க கால்சைட்டும் தப்பாது, ஆயிஸ்டரும் தப்பாது. கடலோரத்துல இன்னொரு விசேஷமும் உண்டு, நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் தனித்தனியா இருக்கும்போது ரெண்டுமே இனி கரைக்காதுன்னு நெறைஞ்சு நிக்கும், ரெண்டும் கலந்தா கரைக்கிற சக்தி திரும்ப வந்துரும். மெக்சிகோ யுகடான் கரையில உள்ள தண்ணிக் குகைகள் பெருசானதுல அந்தக் கலப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அஞ்சுகிராமத்துத் தம்பி, கல்லுல ஒண்ணு ரெண்டை நாகர்கோவில்லயோ திருநெல்வேலியிலயோ ஜியாலஜி உள்ள காலேஜ்ல கேட்டு சிலைஸ் போட்டுப் பாரு. தண்ணி மட்டத்துக்கு மேல இருந்த கல்லுன்னா பசை மணிக்கு அடியில துளி தொங்குற மாதிரி இருக்கும், ரெண்டு மணி தொடுற எடத்துல வளைஞ்சு இருக்கும். எப்பவும் தண்ணிக்குள்ள மூழ்கிக் கெடந்ததுன்னா இடைவெளி பூரா கட்டம் கட்டமா தெளிவான படிகம் அடைச்சிருக்கும். ஆனா சீவுறதுக்கு முன்ன கல்லுல எது மேல்பக்கம்னு மார்க்கர்ல அம்புக்குறி போட்டுரு, இல்லன்னா துளி எந்தப் பக்கம் தொங்குதுன்னு தெரியாது.

அஞ்சுகிராமத்தான்

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. தெரிஞ்ச சார் ஒருத்தரு காலேஜ்ல இருக்காரு, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காரு. ஆனா கல்லெல்லாம் குவியல்ல இருந்து பொறுக்குனது, எது மேல எது கீழன்னு எப்படித் தெரியும்?

தக்கலை லேப்

தம்பி, சங்குப் பொந்துகளை ஒண்ணு ஒண்ணா டார்ச் அடிச்சுப் பாரு. ஏதாவது ஒண்ணுல பாதி வரைக்கும் சேறு இறுகி, மீதி பாதி படிகமா இருக்கும். சேறு படியும்போது தண்ணி மட்டம் மாதிரி தட்டையா படியும், அதனால சேறு உள்ள பக்கம் கீழ, படிகம் மின்னுற பக்கம் மேல.

அஞ்சுகிராமத்தான்

இப்பவே பாத்தேன் அக்கா. நாலு கல்லுல இருக்கு! ஒரு சங்குப் பொந்துல கோடு போட்ட மாதிரி பாதி சேறு, மேல பூரா படிகம். அம்புக்குறி போட்டுட்டேன்.